துப்பாக்கிக்குப் பயப்படாத பிள்ளை

தோர்ன்லீ மாளிகை, ஷ்ராப்ஷயர்
11 அக்டோபர் 1924, சனிக்கிழமை

அன்புள்ள சிபில்,

இவ்வளவு நேரம் கழித்து உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். வீடே தூங்கிவிட்டது. கணப்பு அணைந்து போனதால் கையுறையோடு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் குளிர்தான் காரணம். உன் இருமல் விட்டதா? அப்பாவின் கால்வீக்கம் வடிந்ததா? இங்கே எல்லோரும் சுகம். நானும் சுகம்தான்.

என் பிள்ளை ஜாஸ்பரைப் பற்றி எழுத வந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை இந்த வருஷத்தின் முதல் வேட்டை. இந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் அவனை வேட்டைக்குக் கொண்டுபோய், பக்கத்தில் துப்பாக்கியைச் சுட்டுப் பார்ப்பார்கள். அழுகிறானா, திடுக்கிடுகிறானா என்று. வேட்டை நாய்க்குட்டிக்கு வைக்கிற அதே பரீட்சை. என் கணவர் ஹியூ அந்த வயதில் வீறிட்டு அழுதாராம். இன்றைக்கும் விருந்தில் யாராவது அதைச் சொல்லிச் சிரிக்காமல் பழம் சாப்பிட்டு எழுந்திருப்பதில்லை.

குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் நானி பிராட் ஜாஸ்பரைக் கொண்டுவந்து புல்லில் விட்டாள். என் மாமனார் அவன் தலைக்கு மேலே இரண்டு குழலையும் சுட்டார். எனக்கே காது அடைத்துப் போயிற்று. ஜாஸ்பர் ஒரு காய்ந்த இலையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். நிமிரக்கூட இல்லை.

அப்புறம் என் மாமியார்தான் முதலில் சத்தம் போட்டார். "பாத்தீங்களா தைரியத்தை! கண்ணைக்கூடச் சிமிட்டல. இவன்தான் தோர்ன்லீ!" வந்திருந்தவர்கள் எல்லோரும் தொப்பியைத் தூக்கினார்கள். மாமனார் கண்ணில் தண்ணீர். நானும் பெருமைப்பட்டேன், சிபில். மறுநாள் மாலை வரைக்கும்.

தேநீருக்குப் பிறகு ஒரு மணி நேரம் அவனைக் கீழே கொண்டுவந்து காட்டுவார்கள் அல்லவா, அந்த நேரத்தில் பட்லர் ஸ்டோக்ஸ் கரிவாளியைக் கை நழுவ விட்டான், ஜாஸ்பருக்கு நேர் பின்னால். நான் துள்ளி எழுந்தேன். நாய் சோபாவுக்கு அடியில் ஓடியது. அவன் விரிப்பின் குஞ்சத்தைப் பின்னிக்கொண்டிருந்தான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். என் நிழல் விழுந்த பிறகுதான் திரும்பினான். திரும்பி, சிரித்தான். அந்தச் சிரிப்பை நீ இன்னும் பார்க்கவில்லை.

அது தைரியமில்லை. என்னவென்று எழுதப் பேனா வரமாட்டேன் என்கிறது. கல்லூரியில் கிரேக்கமெல்லாம் படித்தேன். இதற்கு ஒன்றும் உதவவில்லை. நேற்றுக் காலை தாங்காமல் குழந்தை அறைக்கே ஏறிப் போனேன். நானி பிராட் வாசலிலேயே நிறுத்தினாள். "அம்மணி, நான் சொல்லாம கொள்ளாம உங்க டிராயிங் ரூமுக்கு வர்றேனா?" இல்லை என்றேன். "அப்போ?" என்று கதவைச் சாத்திவிட்டாள். என் பிள்ளை உள்ளே, நான் வெளியே.

லண்டனுக்குக் கொண்டுவந்து யாரிடமாவது காட்டினால் என்ன? அப்பா எங்களைக் கொஞ்ச நாள் நம் வீட்டில் வைத்துக்கொள்வாரா, கேட்டுச் சொல். வீட்டுத் தபால் பையின் சாவி மாமியாரிடம் இருக்கிறது. அதில் போட மனமில்லை. நாளை கோயிலுக்குப் போகும்போது வாசலில் இருக்கும் தபால்பெட்டியில் நானே போடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் ஹெட்டி


லண்டன்
15 அக்டோபர்

அன்புள்ள ஹெட்டி,

இருமல் போய்விட்டது, அப்பாவின் கால் பரவாயில்லை, குணம்தான் வீங்கியிருக்கிறது. நீ ராத்திரியில் கண்விழிப்பதை நிறுத்து, முதலில்.

உனக்கு எழுத வராததை நான் எழுதிவிடுகிறேன். ஜாஸ்பருக்குக் காது கேட்கவில்லை என்று நினைக்கிறாய். அவ்வளவுதானே? அதற்கு வைத்தியர் இருக்கிறார்கள். விசாரித்துவிட்டேன். அதைவிட முக்கியமாக, இங்கே மிஸ் கார்பெட் என்று ஒரு பெண், காது கேட்காத குழந்தைகளுக்கு வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் பேசவும் கற்றுத் தருகிறாள். குழந்தையின் கையைத் தன் தொண்டையில் வைத்துச் சொல்லித் தருவாள். நேரில் போய்ப் பார்த்தேன். அவளிடம் படிக்கும் ஒரு பெண்குழந்தை என் தொப்பியைப் பார்த்து "அசிங்கம்" என்று தெளிவாகச் சொன்னது. சீக்கிரம் ஆரம்பித்தால்தான் பேச்சு வரும், தள்ளிப் போட்டால் வராது என்கிறாள். ஆகவே உடனே கொண்டு வா.

நாய்க்குட்டிக்கு வைக்கும் பரீட்சையைக் குழந்தைக்கு வைக்கிறார்களாமே! அந்த வீட்டில் மூளை முழுவதும் நாய்களுக்குத்தான் போயிருக்கிறது.

சாப்பிடு, தூங்கு.

சிபில்


தோர்ன்லீ மாளிகை
20 அக்டோபர்

அன்புள்ள சிபில்,

நீயும் அப்பாவும் நலம் என்று அறிந்து எல்லோரும் மகிழ்ந்தோம். உன் கடிதத்தை இந்த வீட்டு வழக்கப்படி காலை உணவின்போது மாமியார் உரக்கப் படித்தார். நாய்களைப் பற்றி நீ எழுதிய வரியை மாமனார் இரண்டாம் முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

ஜாஸ்பர் மிக நன்றாக இருக்கிறான். அவனுக்கு ஒரு குறையும் இல்லை. நான் வீணாகக் கவலைப்பட்டுவிட்டேன். கல்லூரிப் படிப்பு பெண்களின் நரம்பைக் கெடுக்கும் என்று மாமியார் சொல்கிறார். அப்படியும் இருக்கலாம். இலையுதிர்காலம் முழுவதும் இங்கே விருந்தினர் இருப்பதால் லண்டன் வருவது முடியாது.

அப்பாவுக்கு என் வணக்கம்.

உன் அன்புத் தங்கை
ஹெஸ்டர்


தோர்ன்லீ
25 அக்டோபர், சனிக்கிழமை இரவு

சிபில்,

திங்கட்கிழமைக் கடிதத்தைக் கிழித்துப் போடு. அது ஹெஸ்டர் என்ற முழுப்பெயரில் தபால் பையில் போன கடிதம். இது கோயில் வாசல் கடிதம்.

முன்பே உன்னை எச்சரித்திருக்க வேண்டும். இங்கே பெண்களுக்கு வரும் கடிதம் குடும்பத்துக்குப் பொது. மாமியார் உறை பிரித்து மேசையில் படிப்பார். ஆண்களுடையது மட்டும் பிரிக்காமல் அவரவர் தட்டருகே வைக்கப்படும். நான் முட்டையை உடைக்கக் கத்தியை ஓங்கியபடி உறைந்து போயிருந்தேன். "உனக்கு எழுத வராததை நான் எழுதிவிடுகிறேன்" என்று படித்தார். அடுத்த வரி வந்ததும் இருமல் வந்தது அவருக்கு. தண்ணீர் குடித்தார். தாளைப் புரட்டி, நேரே நாய்களுக்குத் தாவிவிட்டார். காது என்ற சொல்லே மேசையில் விழவில்லை. வெட்கம்தான், வேறென்ன.

பிற்பாடு என் அறைக்கு வந்தார். "பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. அப்படியே உங்க அக்காவுக்கு எழுது. இப்பவே எழுது, நான் நிக்கறேன்" என்றார். நின்றார்.

அன்று இரவு ஹியூவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒரு அண்ணன் உண்டு" என்றார்.

திருமணமாகி மூன்றாம் வருஷம், சிபில். இப்போதுதான் கேள்விப்படுகிறேன். பெயர் ஆப்ரி. இருவரும் ஒரே அறையில் தூங்குவார்களாம். "அவன் பேசமாட்டான். ஆனா நாங்க பேசிக்குவோம்" என்றார். ஒரு நாள் காலையில் கண்விழித்தபோது பக்கத்துக் கட்டில் இல்லை. கட்டில் இருந்த இடத்தில் ஆடும் மரக்குதிரைப் பொம்மையை நகர்த்தி வைத்திருந்தார்களாம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. வேல்ஸ் மலைப்பக்கம் ஒரு பாதிரியார் வீட்டில் இன்னும் இருக்கிறாராம். கோழி வளர்க்கிறாராம். அதற்கு மேல் இவருக்குத் தெரியாது. வாரிசு என்ற இடத்தில் இவர் பெயரை எழுதிவிட்டார்கள்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா ஜாஸ்பரையும் அங்கதான் அனுப்புவார். சத்தம் போடாம இரு, ஹெஸ்டர்" என்றார். சத்தம் போடாமல் இருந்தால் பிள்ளைக்குப் பேச்சு வராது. சத்தம் போட்டால் பிள்ளையே இருக்கமாட்டான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

அப்பாவிடம் கேட்டாயா? அதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையே.

கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொள், குளிர் வந்துவிட்டது.

ஹெட்டி


லண்டன்
6 நவம்பர்

ஹெட்டிக் கண்ணே,

பயப்படாதே, யாரும் சாகவில்லை. அம்மா இறந்தபோது வாங்கிய கறுப்புக் கரை போட்ட உறைகள் மேசை இழுப்பறையில் ஒரு கட்டு மிச்சம் இருந்தன. உன் மாமியார் எப்படிப்பட்டவராக இருந்தாலும் பிரபு குடும்பத்துப் பெண்மணி. துக்கக் கடிதத்தைப் பிரித்து மேசையில் படிக்கமாட்டார். இனி நான் எழுதுவதெல்லாம் இப்படித்தான் வரும். உனக்கு இவ்வளவு உறவினர் எங்கே என்று அவர்கள் யோசிக்கும் முன்னால் உன்னை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும்.

யோசனை இதுதான். பாத் நகரத்து ஹானோரியா அத்தைக்கு உடம்பு முடியவில்லை, கண்மூடும் முன் ஜாஸ்பரைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று சொல். அவனை அழைத்துக்கொண்டு ரயிலேறு. பாத்துக்குப் போகாதே, நேரே லண்டனுக்கு வா. அத்தை திடமாகத்தான் இருக்கிறாள், போன வாரம் சீட்டாட்டத்தில் ஒரு பாதிரியாரை அழ வைத்தாள்.

மிஸ் கார்பெட் ஜாஸ்பருக்கு இடம் வைத்திருக்கிறாள். அவன் என்ன பார்த்தால் சிரிக்கிறான் என்று கேட்டாள், எழுது.

உடம்பு எப்படி இருக்கிறது? ஹியூவின் தோள்வலி தேவலையா?

சிபில்


தோர்ன்லீ
15 நவம்பர்

அன்புள்ள சிபில்,

நலம்தானே? நான் கறுப்பு உடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஏன் என்று சொல்கிறேன், சிரிக்காதே.

உன் கடிதத்தை ஸ்டோக்ஸ் தனித் தட்டில் ஏந்திக்கொண்டு வந்தான். கறுப்புக் கரையைப் பார்த்ததும் மேசையில் இருந்த எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மாமனார்கூட, வாயில் பன்றியிறைச்சியோடு. மாமியார் அதைத் தொடாமலே என் பக்கம் தள்ளினார். பிரித்தேன். "ஹெட்டிக் கண்ணே, பயப்படாதே" என்ற வரியைப் பார்த்தேனா, அவ்வளவுதான், உடைந்துவிட்டேன். இந்த வீட்டில் யாரும் என்னிடம் அப்படிச் சொல்வதில்லை. நான் அழ அழ, "யாரு? யாரு?" என்று கேட்கிறார்கள். மீதியைப் படிக்கவே விடவில்லை. கண்ணில் பட்ட பெயரைச் சொல்லிவிட்டேன். "ஹானோரியா அத்தை" என்றேன்.

உடம்பு முடியாத அத்தையை நான் கொன்றேவிட்டேன், சிபில்.

லண்டனில் போருக்குப் பிறகு யார் இப்படித் துக்கம் காக்கிறார்கள்? இங்கே பழைய முறை அப்படியே இருக்கிறது. என் மூன்று உடைகள் சாயத்துக்குப் போய் வந்துவிட்டன. துக்கம் முடியும்வரை நான் வெளியூர் போகக் கூடாது, விருந்துக்குக் கீழே வரக் கூடாது. அடக்கத்துக்குப் போகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். "பொம்பளைங்க அடக்கத்துக்குப் போறதா? குழந்தையைத் தூக்கிக்கிட்டா?" என்றார் மாமியார். கதவைத் திறக்க நீ அனுப்பிய சாவியால் நானே வெளிப்பூட்டையும் போட்டுவிட்டேன்.

இன்னொரு பயம். மாமியார் தினமும் காலையில் பத்திரிகையின் மரண அறிவிப்புகளைத்தான் முதலில் படிக்கிறார். "உங்க அத்தை இன்னும் வரலியே" என்கிறார். ரயில் தாமதமானதைப் போல.

ஒரே ஒரு நல்லது. துக்கத்தில் இருப்பவளைப் பிள்ளையிடமிருந்து பிரிக்க நானி பிராட்டுக்கு மனம் வரவில்லை. காலையிலும் பார்க்க விடுகிறாள். மரத்தரையில் காலை ஓங்கி மிதித்தால் ஜாஸ்பர் திரும்புகிறான்! அதிர்வு தெரிகிறது போல. மிதிக்கிறேன், திரும்புகிறான், சிரிக்கிறான். "அம்மணி, கீழே கூரை பேந்து விழும்" என்றாள் நானி. பிறகு, நான் பார்க்காதபோது அவளும் மிதித்துப் பார்த்தாள்.

அவன் எதைப் பார்த்தால் சிரிக்கிறான் என்று கேட்டாளாமே. மெழுகுவத்திச் சுடரை ஊதினால் சிரிக்கிறான். நான் தும்மினால் சிரிக்கிறான்.

அப்பா என்ன சொன்னார்?

ஹெட்டி


லண்டன்
20 நவம்பர்

ஹெட்டி,

சாப்பாடு ஒழுங்காக இறங்குகிறதா? கறுப்பு உனக்குப் பொருந்தாது, அம்மா எப்போதும் சொல்வாள்.

சிரிக்காதே என்றாய், சிரித்தேன், பிறகு அழுதேன். பாத்துக்குப் போய் அத்தையிடமே உண்மையைச் சொல்லிவிட்டேன். "கொன்னதுதான் கொன்னீங்க, என்ன நோய்னு போட்டீங்க? கௌரவமான நோய்தானே?" என்று கேட்டாள். மரண அறிவிப்பு மட்டும் போடக் கூடாதாம். காலையில் அந்தப் பக்கத்தைப் பிரித்து, யாரையெல்லாம் விட அதிக நாள் வாழ்ந்துவிட்டோம் என்று பார்ப்பதுதான் அவளுக்கு இருக்கும் ஒரே சந்தோஷம். அதில் தன் பெயரைப் பார்க்கமாட்டாளாம். கொஞ்ச நாள் வெளியே தலைகாட்டாமல் இருங்கள் என்று கெஞ்சிவிட்டு வந்தேன்.

துக்கம் முடிந்ததும் உனக்கு இடமாற்றம் தேவை என்று உங்கள் வைத்தியரைச் சொல்ல வை. பொறுமையாக இரு.

மிஸ் கார்பெட்டுக்குத் தும்மல் விஷயம் ரொம்பப் பிடித்திருந்தது. முகத்தைப் பார்க்கிற பிள்ளை சீக்கிரம் கற்றுக்கொள்ளும் என்றாள்.

புதுத் திரைச்சீலை போட்டிருக்கிறோம். பச்சை.

சிபில்


தோர்ன்லீ
6 டிசம்பர்

அன்புள்ள சிபில்,

உனக்கு ஜலதோஷம் ஏதும் இல்லையே? இங்கே பனி கொட்டுகிறது.

இனிக் கறுப்புக் கரை வேண்டாம். இந்தக் கடிதத்தை மாமியார் பார்வையிலேயே எழுதுகிறேன். படிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். நம்புகிறேன். ஏன் என்று கேள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்திரிகையை மடித்து என் தட்டருகே வைத்தார். வேலைக்காரர்கள் முன்னால் ஒரு வார்த்தை இல்லை. பாத்தில் ஒரு திருமணம், வந்திருந்தவர்கள் பட்டியல். எல்லோரும் போன பிறகு சொன்னார்: "உங்க அத்தை செத்ததுக்கு அப்புறம் சாம்பல் கலர் பட்டு போட்டுக்கிட்டு கல்யாணத்துக்குப் போயிருக்காங்க. நல்லா இருந்தாங்களாம்."

நான் பத்திரிகையைத் திரும்ப மடித்தேன்.

"கோயில் வாசல் தபால்பெட்டி நான் உக்கார்ற இடத்துலருந்து நல்லாத் தெரியும், ஹெஸ்டர். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பாக்கறேன்."

"அப்போ ஏன் தடுக்கல?" என்று கேட்டேன்.

அவர் தேநீர்க்கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். "ஆப்ரிக்குக் காது கேக்கலன்னு கண்டுபிடிச்சது நான்தான். அவனுக்குப் பின்னால நின்னு கை தட்டிப் பாத்தேன். உன்னை மாதிரியேதான். நேரா உன் மாமனார்கிட்ட ஓடினேன், புள்ளைக்கு வைத்தியம் பாக்கணும்னு. டாக்டர் வருவார்னு வாசல்ல நின்னேன். அவனைக் கொண்டுபோக வண்டி வந்துச்சு."

பிறகு, "அன்னிக்கு வேட்டையில ஜாஸ்பர் அசையலைன்னதும் தைரியம்னு முதல்ல கத்தினது யாரு? யோசிச்சுப் பாரு" என்றார்.

அவர்தான், சிபில். என் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கிறேன், பார். உன் கடிதத்தைப் படிக்கும்போது அவருக்கு வந்த இருமலும் அதுதான். அன்றிலிருந்து இந்த வீட்டில் ஒவ்வொருவரிடமும் அவன் தைரியத்தைப் பற்றியே சொல்லிச் சொல்லி ஒரு மதில் கட்டிக்கொண்டிருக்கிறார். மாமனார் உயிரோடு இருக்கும்வரை மதில் நிற்கட்டும், அப்புறம் நீ எங்கே வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போ என்கிறார். அதுவரை பிள்ளைக்குப் பேச்சு காத்திருக்குமா என்றேன். "நான் முப்பது வருஷமாக் காத்திருக்கேன்" என்றார். மகனைப் பார்க்க ஒருமுறைகூட அவரை விடவில்லை. கோழி வளர்க்கிறார் என்ற செய்தி எப்படி வந்தது தெரியுமா? வருஷத்துக்கு ஒருமுறை ஈஸ்டருக்கு ஒரு கூடை முட்டை வரும். அவ்வளவுதான்.

நான் அவரை வெறுத்துக்கொண்டிருந்தது எவ்வளவு சௌகரியமாக இருந்தது!

அத்தையைப் பற்றி வந்த செய்தி தவறு என்று மாமியார் வீட்டில் சொல்லிவிட்டார், இனி உன் கடிதம் மேசையில் படிக்கப்படும். ஜாக்கிரதையாக எழுது. அப்பாவைப் பற்றி மறுபடியும் கேட்கிறேன். நாங்கள் வந்தால் கதவைத் திறப்பாரா?

ஹெட்டி


லண்டன்
12 டிசம்பர்

அன்புள்ள ஹெஸ்டர்,

தோர்ன்லீயில் அனைவருக்கும் எங்கள் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். நாங்கள் இருவரும் சுகம். ஹானோரியா அத்தை பற்றி முன்பு வந்த செய்தி தவறு என்று தெரிந்து எல்லோருக்கும் நிம்மதி. ஜாஸ்பருக்கு ஒரு சிறு முரசு அனுப்பியிருக்கிறேன். தோலின்மேல் கையை வைத்துக்கொண்டு தட்டச் சொல்; பிள்ளைகளுக்கு அது பிடிக்கும் என்று கடைக்காரி சொன்னாள்.

அப்பாவிடம் உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். "ஹெஸ்டர் அவள் வீட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதுதான் முறை" என்றார். தன் ஆசிகளைத் தெரிவிக்கச் சொன்னார்.

பிளம் புட்டிங் இந்த வருஷம் சரியாக வரவில்லை. பனியில் வெளியே போகாதே.

உன் அக்கா
சிபில்


தோர்ன்லீ
27 டிசம்பர், சனிக்கிழமை

சிபில்,

நீ சுகமா? நான் சுகம் என்று இந்த முறை எழுத முடியாது.

நேற்றுப் பெரிய வேட்டை. சுற்றுவட்டாரத்துப் பிரபுக்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வேட்டைக்குடிலின் மரமேடையில் ஜாஸ்பரை நிறுத்தி, மாமனார் மறுபடி சுட்டுக் காட்டினார். அவன் அசையவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். பெருமை தாங்காமல் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கையை விரித்தார். "வாடா என் சிங்கமே, தாத்தாகிட்ட வா."

ஜாஸ்பர் காட்டைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"ஜாஸ்பர்!" என்றார். மறுபடியும், "ஜாஸ்பர்!"

யாரோ தொண்டையைச் செருமினார்கள். மாமனார் முகம் மெல்ல மாறுவதைப் பார்த்தேன். மாமியார் சிரித்துக்கொண்டே, "தாத்தாவோட பிடிவாதம் அப்படியே இருக்கு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. நான் குளிருக்கு மிதிப்பதுபோல மேடையில் பூட்ஸை ஓங்கி மிதித்தேன். ஒருமுறை, இன்னொருமுறை. பக்கத்தில் மாமியாரும் மிதிக்க ஆரம்பித்தார், என்னைப் பார்க்காமலே. பின்னால் நானி பிராட். மூன்று பெண்கள் பனியில் வரிசையாக நின்று காலை மிதித்துக்கொண்டிருந்தோம். ஜாஸ்பர் திரும்பினான். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு ஓடிவந்தான். "அம்மா பிள்ளைப்பா!" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்து, அந்த நிமிஷம் கடந்து போயிற்று.

மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ராத்திரி விருந்தில் இறைச்சியை வெட்டிக்கொண்டே, யாரிடமும் இல்லாமல் கேட்டார்: "அந்த வேல்ஸ் பாதிரியார் இன்னும் இருக்காரா?"

மாமியார் கையிலிருந்த முள்கரண்டி தட்டில் விழுந்தது. அவரைத்தான் பார்த்தேன். முப்பது வருஷமாகக் கட்டிய முகம் ஒரு நொடியில் சரிந்தது. மதில் அவ்வளவுதான், சிபில்.

விருந்தினர் படுக்கப் போனதும் ஹியூ என் அறைக்கு வந்து, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "ஜனவரி எட்டு, வியாழக்கிழமை அப்பா வேட்டைக்கு வெளியூர் போறார். அதுக்கு முன்னால எதுவும் செய்யமாட்டார், வீட்டுல ஆளுங்க இருக்காங்க. அன்னிக்கு நான் ஸ்டேஷன் பக்கம் காரை எடுக்கறேன். யாராவது கூட வந்தா நான் ஏன்னு கேக்கமாட்டேன்" என்றார். "உங்க அக்காவை என் பேருக்கு எழுதச் சொல்லு. என் கடிதத்தை அம்மா பிரிக்கமாட்டாங்க."

"இந்த வழி இத்தனை நாளா உனக்குத் தெரியாதா, ஹியூ?"

"தெரியும்" என்றார். கதவுப் பக்கம் போனவர் நின்று, "அன்னிக்கும் கட்டில் நகர்ற சத்தம் எனக்குக் கேட்டுச்சு" என்றார்.

ஆகவே உறையில் ஹியூவின் பெயரை எழுது.

இப்போது உன்னிடம். அப்பாவைப் பற்றி ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டேன். நீ வைத்தியரைப் பற்றி எழுதினாய், மிஸ் கார்பெட்டைப் பற்றி எழுதினாய், திரைச்சீலையின் நிறத்தைக்கூட எழுதினாய். "அவள் வீட்டில்" என்ற வார்த்தையை மாமியார் மேசையில் படித்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. நீ முதல் நாளே கேட்டிருக்கிறாய், அவர் முதல் நாளே முடியாது என்றிருக்கிறார். புருஷன் வீட்டை விட்டு வந்த மகளுக்கு அவர் கதவு திறக்காது. அதை எழுதினால் நான் கிளம்பவே மாட்டேன் என்று பயந்து மறைத்தாய். உன்மேல் கோபம் இல்லை. நீயும் அந்தக் கதவுக்கு உள்பக்கம்தானே இருக்கிறாய்.

நான் கிளம்பிவிட்டேன் என்றே வைத்துக்கொள். முரசின்மேல் கையை வைத்து அவன் நேற்று முதல்முறையாக "ம்" என்று ஒரு சத்தம் எழுப்பினான். நான் தட்ட, அவன் திருப்பிச் சொன்னான். அதைக் கேட்ட பிறகு இங்கே எப்படி உட்கார்ந்திருப்பேன்? அப்பா வீடு இல்லையென்றால் மிஸ் கார்பெட் பக்கத்தில் ஒரு வாடகை அறை கிடைக்குமா? பாத்தில் அத்தை வைத்துக்கொள்வாளா? இரண்டும் இல்லையென்றால் அதையும் மறைக்காமல் எழுது. இரண்டுக்கும் ரயில் வேறு வேறு. எந்த ஊருக்கு டிக்கெட் வாங்குவது என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

நாளை கோயில் வாசலில் இதைப் போடுவேன். மாமியார் தன் இடத்திலிருந்து பார்ப்பார். பார்க்கட்டும்.

எட்டாம் தேதிக்கு முன்னால் எனக்குக் கிடைக்க வேண்டும். சீக்கிரம் பதில் எழுது.

ஹெட்டி